விக்னேஸ்வரனுக்கு வந்த கடிதம்

கனகாம்பிகை அந்தக் கடிதத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து மூன்று நாளாகிவிட்டது. இரண்டு வருட நுண்கலைப் படிப்புக்கு நீங்கள் அனுப்பிய படங்கள் எங்களுக்குப் பிடித்திருக்கின்றன, 2005 மார்ச் பதினேழு வியாழக்கிழமை நேர்முகத்துக்கு வரவும் என்று பக்கத்துக் கல்லூரி ஒன்று எழுதியிருந்தது. உறையில் விக்னேஸ்வரன் என்று பெயர். மகளின் பள்ளிக்கூடக் கடிதமெல்லாம் ஜதுர்ஷிகா விக்னேஸ்வரன் என்றுதான் வரும். கணவருக்கு வரும் பில்களோ அவருடைய தகப்பன் பெயரில், தர்மலிங்கம் என்று வரும். ஆகவே இது மகள் பார்த்த வேலை.

மகள் பார்மசி படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்காகப் பாதியில் விட்ட விஞ்ஞானப் படிப்பை இவள் மூலம் முடித்துவிடலாம் என்று கனகாம்பிகை பதினேழு வருடமாகக் காத்திருக்கிறாள்.

அவள் முதலில் கல்லூரிக்குப் போன் எடுத்தாள். வேறு ஆளைப் பாருங்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண், இவர்கள் வேறு கல்லூரிகளையும் பார்த்துத் தெரிவு செய்ய விரும்புகிறார்கள் என்று விளங்கிக்கொண்டாள். நாலாம் நாள் இதே படிப்பு உள்ள இன்னும் இரண்டு கல்லூரிகளின் தடித்த புத்தகங்கள் தபாலில் வந்தன. அரிசி வாளி நிரம்பிவிட்டது. அரிசி சட்டிக்கு இடம் மாறியது.

வேறு வழியில்லாமல் கணவரிடம் சொன்னாள். அவருக்குத் தபால் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை, பேச்சுக் குறைவு.

"பிள்ளை படம் கீறப் படிக்கப்போகுதாம்."

அவர் பேப்பரை மடித்துவைத்தார்.

"படிச்சால் என்ன?" என்றார்.

இருபத்தொரு வருடத்தில் அவர் அவளுக்கு எதிராகச் சொன்ன முதல் வசனம் அது. கனகாம்பிகை மேல்மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லண்டனுக்கு வந்த புதிதில் லூயிஷாமில் ஒரே அறை. கோபித்துக்கொண்டு போய் இருக்க இன்னோர் அறை கிடையாது. குளிருக்கு ஒரே ஒரு தடித்த கோட். அதை இவள் காலையிலும் அவர் மாலையிலும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அவர் கழற்றித் தரும்போது கோட் சூடாக இருக்கும். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்.

மறுநாள் சிவன் கோயிலில் சிநேகிதி மங்கையிடம் யோசனை கேட்டாள். மறித்தால் பிள்ளை களவாகப் போகும், நாங்களே நல்ல கல்லூரியாகப் பார்த்துக் குடுப்பம் என்றாள் மங்கை. பூசை முடிந்து இருவரும் புத்தகங்களை விரித்தார்கள். ஒன்று சவுத்தாலுக்குப் பக்கத்தில். அங்கே மங்கையின் மச்சானுக்குக் கடை இருக்கிறது, பிள்ளை கலர் அப்பிய உடுப்போடு போவதைக் கண்டால் கனடா வரைக்கும் சொல்லிவிடுவார். மற்றது ஹரோவில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் தாய்மார் முழுப்பேரும் அங்கேதான். மிஞ்சியது பக்கத்துக் கல்லூரி.

அன்று பின்னேரம் கனகாம்பிகை மனதைக் கல்லாக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"படம் கீறத்தான் படிக்கப்போறாய் எண்டால் கிட்டத்திலை படி. நான் மறிக்கேல்லை."

ஜதுர்ஷிகா பிறந்ததிலிருந்து கீறிய ஒரே படம், உயிரியல் பாடத்துக்காகத் தவளையின் இதயம். அவள் தாயை உற்றுப் பார்த்தாள்.

"சீரியஸா அம்மா? அப்ப கெமிஸ்ட்ரியை விடலாமா?"

கெமிஸ்ட்ரி அவளுக்கு எப்போதுமே ஏலாத பாடம். இரண்டே நாளில் பள்ளிக்கூடத்தில் பேசி, அதை விடுவதற்குப் படிவமும் வாங்கி வந்துவிட்டாள். பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நேர்முகம் வைத்த வியாழக்கிழமை கனகாம்பிகை ஒருவருக்கும் சொல்லாமல் கல்லூரிக்குப் போனாள். வாசலில் இருந்த பெண் விண்ணப்பதாரரின் பெயரைக் கேட்டாள். கனகாம்பிகைக்கு நாக்கு எழவில்லை. கணவரை "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி, அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. மகளின் பெயர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "விக்னேஸ்வரன்" என்றாள்.

கத்தரின் என்ற ஆசிரியை உள்ளே அழைத்துப்போனார். கனகாம்பிகை வழி முழுக்கப் பாடமாக்கிய இங்கிலீஷைக் கொட்டினாள். தயவுசெய்து இடம் கொடுக்க வேண்டாம், வீட்டில் எல்லாம் குழம்பிப்போய்விட்டது என்றாள்.

கத்தரின் ஒரு கோப்பைத் திறந்து படங்களை மேசையில் பரப்பினார். சலவைக் கடையில் குந்தியிருக்கும் இளம் பெண். அவள்தான். முதல் பனியில் கைவிரித்து நிற்பவளும் அவள்தான். மகள் பழைய ஆல்பத்தைப் பார்த்துக் கீறியிருக்கிறாள் என்று கனகாம்பிகை நினைத்தாள். நெஞ்சு இளகிவிட்டது. இந்தப் பிள்ளையையா மறிக்க வந்தேன்?

அடுத்த படத்தில் அவள் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில், நிறைமாத வயிற்றில் கைவைத்தபடி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கத்தை எவரும் போட்டோ எடுத்திருக்கவில்லை. மகள் பிறந்திருக்கவும் இல்லை.

கத்தரின் படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கள் கணவர் இருபது வருடமாக உங்களைத் தவிர வேறு ஒன்றையுமே வரையவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கா இடம் கொடுக்க வேண்டாம் என்கிறீர்கள்?"