வெள்ள வேந்தர் தண்ணி மாறிய கதை

ஒவ்வொரு மனிதனுக்கும் ஏதாவது ஒன்றில் கெட்டித்தனம் இருக்கும். எனக்கு அது தண்ணீர் மந்திரத்தில் இருந்தது. (போனில்தான். வேறெங்கே இருக்கும்?)

உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வேலைவெட்டி உள்ளவர்கள் கூடி, வேலைவெட்டி இல்லாதவர்களைப் போல் நடந்துகொள்கிற ஓர் இணைய விளையாட்டு அது. முழுக்க முழுக்கப் பகிடி. அதிலுள்ள அரசருக்கு எப்போதும் தடிமன்; அவர் தும்மினால் கோட்டைச் சுவர் விழும். நெருப்பு, காற்று, மண், தண்ணீர் என்ற நாலில் ஒரு மந்திரத்தை நாங்கள் பழக வேண்டும். நெருப்பு எதிரியின் மீசையை மட்டும் கருக்கும். காற்று அவன் காற்சட்டையைக் கழற்றும். தண்ணீருக்கோ, திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தால் போதும், மேடு பள்ளம் பாராமல் அந்த வழியே ஓடும். நடுவில் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் திரையைத் தடவி மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கேட்ட மன்னிப்புகளுக்குப் பலனாக எனக்கு ‘வெள்ள வேந்தர்’ பட்டம் கிடைத்தது. கனடாவில் பல் வைத்தியராக இருக்கிற ஒருவர்கூட என்னைத் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிடுவார்.

நாங்கள் யாழ்ப்பாணப் பட்டணத்தில் மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் ஒரு பியானோ இருந்தது (ஒருவரும் வாசிப்பதில்லை), மண்வெட்டி இருந்ததாக ஞாபகமில்லை. நான் விரும்பிய கௌசியோ புத்தூரில் தோட்டம் செய்கிற சைவக் குடும்பத்துப் பெண். மதத்தால் பெரிய சண்டை வரும் என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் ஆவலோடு காத்திருந்தன. கௌசியின் அப்பா அவர்களை ஏமாற்றிவிட்டார்.

“வேதக்காரப் பிள்ளையெண்டால் பரவாயில்லை,” என்றார். “தண்ணி மாறத் தெரியுமோ?”

“ஓம் மாமா,” என்றேன். “தண்ணியெண்டால் எனக்குக் கைவந்த கலை.”

தண்ணி மாறுவது என்றால் வேறொன்றுமில்லை. கிணற்றடியில் மோட்டர் ஓடும். தண்ணீர் வாய்க்காலால் வரும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். பார்த்தால் சின்னப் பிள்ளையும் செய்யும் வேலை. ஆனால் மாமாவின் கிணறு பங்குக் கிணறு. பாதி அவருக்கு, பாதி அவருடைய தமையனுக்கு; ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவர் முறை. இருவரின் தோட்டத்தையும் பிரிப்பது ஒரு வரம்பு. அந்த வரம்பு இருக்க வேண்டிய இடம் எது என்பதில் தகப்பன் செத்த நாளிலிருந்து வழக்கு. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவரை மற்றவர் பெயர் சொல்வதுமில்லை, அந்தப் பக்கத்துக்காரர் என்ற அர்த்தத்தில் ‘அங்காலையார்’ என்பதோடு சரி. இவ்வளவு காலத்தில் தன் முறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்தப் பக்கம் போனதில்லை என்பதுதான் மாமாவின் பெருமை. வழக்கில் அவருடைய பலமும் அதுதான்.

கலியாணம் முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை சொந்தத்தில் ஒரு செத்தவீடு வந்தது. அன்று மாமாவின் முறை. விட்டால் வெங்காயம் வாடிவிடும். போகாவிட்டால் ஊர் கதைக்கும். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வேறு ஆள் கிடைக்காத குறைக்கு, மண்வெட்டியைத் தந்தார்.

“தம்பி, கடைசி வரிசை மட்டும்தான் கிடக்கு. ஆனால் ஒரு சொட்டும் அங்காலை போகப்படாது. அங்காலையார் வெங்காயம் கிண்டிக் காயப் போட்டிருக்கிறார். நனைஞ்சால் முழுக்க அழுகிப்போகும். பிறகு நான் வழக்குக் கோட்டிலை தலை நிமிர்த்தேலாது.”

நான் வேந்தருக்குரிய தோரணையில் தலையசைத்தேன்.

முதல் பாத்திகளை வடிவாகத்தான் மாறினேன். (சாட்சி இல்லை. நம்புங்கள்.) அப்போது போன் துடித்தது. எங்கள் குழு அடுப்பு ராட்சதனின் பாசறையை முற்றுகையிட்டிருந்தது. அவனை அணைக்கத் தண்ணீர் வேண்டும்; தண்ணீருக்கு நான் வேண்டும். பல் வைத்தியர் நோயாளியைக் காக்க வைத்துவிட்டு நிற்கிறாராம். கடைசிப் பாத்தியைத் திறந்துவிட்டு, அது தன்பாட்டில் நிறையட்டும் என்று மாமர நிழலில் குந்தினேன். விளையாட்டில் அப்படித்தான் நிறையும்.

அன்றைக்கு நான் இழுத்த கோடுகள் சாதாரணக் கோடுகள் அல்ல. மலையில் ஏற்றி, பாலத்தில் வளைத்து, ராட்சதனின் வாசல் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோனேன். சலசலவென்று சத்தம் அவ்வளவு தத்ரூபமாகக் கேட்டது. இந்த விளையாட்டைச் செய்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். போனின் சத்தத்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன் என்பது அந்த மகா மூளைக்கு எட்டவில்லை.

செத்தவீட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதனால் அண்ணன் தம்பி இருவரும் நேரே கிணற்றடிக்கு வந்தார்கள். வழக்கமாக ஒருவர் குளித்து முடியும்வரை மற்றவர் ஒழுங்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாராம். அன்று இருவரும் ஒன்றாக வரம்பில் நின்றார்கள். வரம்பு என்று சொல்வது மரியாதைக்காக. அதில் பாதியைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அங்காலையாரின் வெங்காயம் குளத்தில் கிடந்தது.

நான் மண்வெட்டியைப் பார்த்தேன். அது பெரிய மாமாவுக்கு, அதுதான் அங்காலையாருக்கு, கிட்ட இருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். “அண்ணை, மோட்டரை நிப்பாட்டிப்போட்டு அந்தத் தலைப்பாலை வெங்காயத்தை அள்ளுங்கோ. இஞ்சாலை நான் அள்ளுறன்.”

 பெரிய மாமா ஓடிப்போய் மோட்டரை நிறுத்திவிட்டு அவரும் இறங்கினார். குளிக்காமல் எதையும் தொடக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோனது. நானும் உதவிக்கு இறங்கினேன். இறங்கிய வேகத்தில் ஒரு பிடி வெங்காயத்தை மிதித்தேன்.

“நீர் வெளியிலை நில்லும்,” என்றார்கள் இருவரும் ஒன்றாக.

நின்றேன். சட்டைப் பையில் போன் மினுங்கிக்கொண்டிருந்தது: வெள்ள வேந்தர் வாழ்க, எதிரியின் பாசறை மூழ்கியது. தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு கால மானத்தை அந்த மனிதர் என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தார்.

“உவனை எங்கையடா பிடிச்சனீ?” பெரிய மாமா அள்ளிக்கொண்டே கேட்டார்.

“கௌசியின்ரை விருப்பம் அண்ணை. தண்ணியெண்டால் கைவந்த கலையெண்டு சொன்னவர்.”

பெரிய மாமா நிமிர்ந்து தன் தோட்டத்தை ஒருமுறை பார்த்தார். “பொய் சொல்லேல்லை.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரித்து முடிந்ததும் பெரிய மாமா முகத்தை இறுக்கிக்கொண்டார். “இதை நான் வழக்கிலை சொல்லத்தான் போறன்.”

“சொல்லுங்கோ. வாற வழக்குத் தவணைக்கு எப்பிடிப் போறியள்?”

“பஸ்ஸிலை.”

“ஓட்டோ ஒண்டு பிடிக்கிறன். சேர்ந்து போவம்.”

வழக்கு இன்னும் நடக்கிறது. இருவரும் ஒரே ஓட்டோவில் போய், நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றுவிட்டு, ஒரே ஓட்டோவில் திரும்பி வருகிறார்கள். நான் புத்தூரில் நிற்கிற நாட்களில் யாராவது ஒருவர் என்னைக் கண்ணில் வைத்திருந்தால்தான் மோட்டர் ஓடும்.

போன மாதம் எங்கள் மகளின் பிறந்தநாளுக்குப் புத்தூர் வந்த என் அம்மா, பெரிய மாமாவின் மனதைக் குளிரவைக்கும் நோக்கத்தில், அண்ணன் தம்பி சமாதானமானது ஆண்டவருடைய கிருபை என்றார்.

“சமாதானமோ? ஆர் சொன்னது?” என்றார் பெரிய மாமா. “உங்கடை மகனை ஏசுறதுக்கு எனக்குத் துணைக்கொரு ஆள் தேவைப்பட்டுது. தம்பியை விட்டால் எனக்கு வேறை ஆர் இருக்கினம்?”