கரையாம்புத்தூருக்குச் சொந்தமாக ஒரு நெட்

மாமியார் ஊரில் மாப்பிள்ளைகள் பொதுச்சேவை செய்யக் கூடாது. விருந்துக்குப் போனோமா, சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருந்துவிட வேண்டும்.

கரையாம்புத்தூரில் மழை பெய்தால் செல்போன் சிக்னல் போய்விடும். நான் கம்ப்யூட்டர் படித்தவன் (படித்ததோடு சரி). வீட்டுக்கு வீடு மாடியில் ரவுட்டர் வைத்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் ஊருக்குள் போனில் பேசிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். "ஒரு வீட்ல அறுந்தாலும் இன்னொரு வீடு வழியா போயிடும்" என்றும் சொன்னேன். ஊரிலேயே உயரமான மாடி, மாமியாரின் ஓரகத்தி வசந்தா பெரியம்மாவுடையது. அதனால் எல்லா இணைப்பையும் அதன் வழியாகவே கொடுத்தேன். (இன்னொரு வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.)

தொடக்க விழா கோயில் திடலில் நடந்தது. பெரியம்மாவுக்கு முன்வரிசை நாற்காலி, பொன்னாடை. வீட்டிலிருந்தபடி மாமியார் வாழ்த்துச் சொல்வதாக ஏற்பாடு. என் போனை ஒலிபெருக்கியில் சொருகி அவரைக் கூப்பிட்டேன். எடுத்தார். ஆனால் ஒயர் சொருகியதில் என் போனின் மைக் செத்துவிட்டது. நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. அவர் பேசியது திடல் முழுக்கக் கேட்டது.

"இன்னாடி செல்வி, உன் வூட்டுக்காரரு சத்தமே வரல?" என்று என் மனைவியிடம் கேட்டார். போனை அடுப்பு மேடையில் வைக்கும் ஓசையும் கேட்டது. "மாடில ஒரு பொட்டி வச்சதுக்கே உங்க பெரியம்மா நடைய பாத்தியா? கவர்னரு தோத்தாரு போ. தீவாளிக்கு அதிரசம்னு ஒண்ணு குடுத்தாங்க, நம்ம வூட்டு மாடு மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கிச்சு."

நான் உடனே துண்டித்திருக்க வேண்டும். துளி இரைச்சல் இல்லாமல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று பூரித்து நின்றேன்.

"அவரு நல்லாத்தாம்மா பண்ணியிருக்காரு" என்றாள் செல்வி.

"கிழிச்சாரு" என்றார் மாமியார்.

அப்போதுதான் துண்டித்தேன்.

பெரியம்மா எழுந்தார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். "நெட்டு சூப்பரா கேக்குது மாப்ள" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் மாடிப்படி ஏறி முடித்திருப்பார். ஊரிலிருந்த அத்தனை போனிலும் இணைப்பு போனது.

ஓரகத்திகள் இருவரும் தை மாதம் வரை பேசிக்கொள்ளவில்லை. பிறகு எப்படியோ ராசியானார்கள். என்னைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து இருந்ததுதான் காரணம் என்கிறாள் செல்வி.

இப்போதும் நான் மாமியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்:

"வசந்தாக்கா, மாப்ள வந்துட்டாரு. போன அணைச்சிட்டுப் பேசு."