தாஹிரா தனக்குத்தானே போட்டுக்கொண்ட மார்க்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி கவுஸ் பாஷாவுக்கு, அக்கா அத்தியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் வீட்டில் எல்லோருக்கும் இறைவன் சுகத்தைத் தரட்டும். உன் முழங்காலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தரட்டும். இங்கே நாங்கள் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உன்னால் முடியாது.

விஷயம் உன் மருமகள், என் மகள் தாஹிராவைப் பற்றியது. எலும்பு மருத்துவ மேல்படிப்பில் அவளுக்கு இது கடைசி வருஷம். அவளுடைய பேராசிரியர் தனசேகரன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒரு சிகிச்சை முடிந்ததும், செய்தவர் தனக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று முதலில் தானே சொல்ல வேண்டும். பிறகு அவர் தன் மார்க்கைச் சொல்வார். இரண்டும் ஒட்டி வந்தால்தான் நோயாளியைத் தனியாகப் பார்க்க விடுவார். நம் பெண்ணோ எதைச் செய்தாலும் "நாலு சார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாளாம். எதற்காக நிற்பாள்? விருந்து வைத்துவிட்டு "ஒண்ணும் சரியா அமையலீங்க, உப்பு கூட கம்மி" என்று நாம் நிற்போமே, சாப்பிடுகிறவர்கள் "ச்சே ச்சே, பிரமாதம்!" என்று மறுப்பதற்காக, அதே போலத்தான்! அந்த மனிதருக்கு நம் வீட்டு மரியாதை எப்படித் தெரியும்? "நான் எட்டு போட்டிருக்கேன், நீ நாலுங்கற. நல்லா செஞ்சதே நல்லா செஞ்சதுன்னு உனக்குத் தெரியலன்னா, தப்பா செஞ்சது எப்படிம்மா தெரியும்? எதை நீயே பாக்கணும், எதுக்கு என்னைக் கூப்பிடணும்?" என்று கேட்டிருக்கிறார். சனிக்கிழமை கரியாலூர் மருத்துவ முகாமிலும் இப்படியே என்றால், இன்னும் ஆறு மாதம் அவர் கண்ணெதிரிலேயே வேலை செய்ய வேண்டும் என்றாராம். அதிலிருந்து இரண்டு நாள் பெண் சரியாகச் சாப்பிடவில்லை.

பொய் பேசாதே என்று வளர்த்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், சும்மா இருப்பேனா? அன்று முதல் இந்த வீட்டில் அவரவர் வேலைக்கு அவரவரே உண்மையான மார்க் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். வீட்டு வேலை செய்யும் செல்லியம்மாளை முதலில் கேட்டேன். "பாத்திரம் ஒம்போதுங்கம்மா. பெருக்கறது ஏழு. மூலைங்கள வுட்டுட்டேன், அதான் மூணு கொறச்சிக்கினேன்" என்றவள், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "நீங்க கொறை சொல்றதுக்கு இன்னா மார்க்கும்மா போட்டுக்குவீங்க?" என்று கேட்டாள். தாஹிராவுக்குச் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. சரி, நானே முன்மாதிரியாக நடந்து காட்டலாம் என்று எதிர்வீட்டு ரசூல் பீவியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். தட்டை வைத்து, நிமிர்ந்து நின்று, "இன்னிக்கு பிரியாணி பத்துக்கு ஒம்போது" என்றேன். ரசூல் பீவிக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. "ச்சே ச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க!" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. பாவம், அதற்குப் பரிகாரமாக மறுபடி மறுபடி போடச் சொல்லிச் சாப்பிட்டு, எழுந்திருக்க முடியாமல் செல்லியம்மாள் கை கொடுத்துத் தூக்கும்படி ஆயிற்று.

நேற்று சனிக்கிழமை நானும் டிபன் கேரியரோடு கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம். மலை ஏறும்போது பேருந்து வளைந்த ஒவ்வொரு வளைவிலும் இவள் "எட்டு, எட்டு" என்று முணுமுணுக்க, "ஆளைப் பாக்காமலே மார்க் போடாதடி" என்று நான் அதட்ட, முன் சீட்டுக்காரர் திரும்பி, "பரிச்சைக்குப் போய்க்கினு கீறீங்களா?" என்று விசாரித்தார். முகாமில் வேடியப்பன் என்று ஒருவர், பலாமரத்திலிருந்து விழுந்து தோள் இறங்கி, கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வந்தார். தாஹிரா அவரோடு பலாப்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை மெதுவாக இழுத்தாள் பார், தோள் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது! "அட, வலியே காணோமே!" என்று அவர் சிரிக்க, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். பேராசிரியர், "மார்க் சொல்லும்மா" என்றார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எட்டு சார்" என்றாள். தம்பி, அந்த நேரம் என் வாயை யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை. "ச்சே ச்சே, எட்டெல்லாம் ஜாஸ்திங்க சார், ஏதோ அஞ்சு இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்! கூடாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது. தாஹிரா பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நானும் எட்டுதாம்மா போட்டேன். பொண்ணு தேறிட்டா. அம்மாவைத்தான் இன்னும் ஆறு மாசம் கண்காணிக்கணும்" என்றார். வேடியப்பன் சிரித்த சிரிப்பில் அவர் தோள் மறுபடி இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஆகவே தன்னைத் தானே சரியாக எடை போடத் தெரிந்த ஒரு டாக்டர் நம் குடும்பத்தில் வந்துவிட்டாள் என்று நீ தைரியமாக எல்லோரிடமும் சொல்லலாம். உன் முழங்காலையும் அவளிடமே கொண்டு வா. உன் பிள்ளைகளுக்கு என் துஆ. உன் மனைவிக்கு என் சலாம்; பதில் கடிதத்தைப் பிழையில்லாமல் அவளையே எழுதச் சொல்.

உன் அக்கா,
அத்தியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தாஹிரா இதைப் படித்துவிட்டாள். முகாமில் அவள் மனதுக்குள் போட்டுக்கொண்டது பத்தாம்! பெரியவர் முன்னால் மரியாதை இல்லையே என்று இரண்டு குறைத்துச் சொன்னாளாம். அது அவர் மார்க்கோடு தானாகப் போய் ஒட்டிக்கொண்டதாம். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அன்று பிரியாணிக்கு நானும் மனதுக்குள் பத்துதான் போட்டிருந்தேன் என்பது ஞாபகம் வரவே மூடிக்கொண்டேன். நீ யாரிடமும் மூச்சு விடாதே.