நான் மட்டும் அங்கே இருந்திருந்தால்

மனிதர்களில் ‘இருந்திருந்தால்’ என்றொரு இனம் உண்டு. உலகத்தில் நடந்த எந்தக் கொடுமையின்போதும் இவர்கள் அந்த இடத்தில் இருந்ததில்லை; இருந்திருந்தால் கதையே வேறு. எல்லா ஊரிலும் கிடைப்பார்கள் என்றாலும், இந்த இனத்தை முழு வளர்ச்சியில் காண இஸ்ரேலில் எங்கள் ஹைஃபாவுக்கு வரவேண்டும். கார்மேல் மலைச்சரிவிலிருக்கும் எங்கள் சமூகக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை மதியப் படம் முடிந்து விளக்கு எரிகிற நேரம் உத்தமம். அதிலும் அன்றைய படம், நாஜி வதைமுகாமில் நம் யூதக் கைதிகள் எதிர்த்து எழுந்த கதையாக இருந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

எப்படி அடையாளம் காண்பது? “ஒரு சின்னக் கேள்வி” என்று எழுந்திருப்பார். அது சின்னதும் அல்ல, கேள்வியும் அல்ல.

எங்கள் எல்யாக்கிம் ஷுல்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் கைதிகள் ஒரு துப்பாக்கியைக் கைப்பற்ற ஒரு குளிர்காலம் முழுக்கப் பதுங்கிக் காத்திருப்பார்கள். இவரோ குளிரூட்டிய கூடத்தில், மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்துடன், இத்தனை தாமதம் எதற்கு என்று தொடை தட்டுவார். விளக்கு எரிந்ததும் எழுந்து, முதலில் முள்வேலிக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி, பிறகு கிழக்குக் காவல் கோபுரத்தைப் பிடித்து, ஆயுதக் கிடங்கின் பூட்டை உடைத்து, நோயாளிகளை லாரியில் ஏற்றி, தேநீர் வருவதற்குள் முகாமை விடுவித்துவிடுவார். அந்த உலகப் போர் நடந்தபோது அவர் இதே ஹைஃபாவில், அம்மா உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளையைத் துப்பிக்கொண்டிருந்த குழந்தை. அது அவர் குற்றமா? இல்லவே இல்லை. அதை அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அவர் மனைவி சிப்போரா மறக்கவில்லை.

“கோபுரத்தைப் பிடிப்பாராம்! மேல் வீட்டுக் குழாய் ஒழுகி நம்ம கூரை ஊறிப்போச்சு, போய்க் கேளுங்கன்னா, ‘நீ போயிட்டு வா, அந்தாளு கத்துவான்’னு என்னை அனுப்புறாரு.”

“அது வேற விஷயம், சிப்போரா.”

“ஆமா. அவன் நெசமாவே கத்துவான்.”

ஒரு செவ்வாய்க்கிழமை, யோதாம் என்ற இளம் இயக்குநர் தன் படத்தை வெளியிடுவதற்கு முன்பு எங்களுக்குப் போட்டுக் காட்ட வந்தான். போலந்தில் ஒரு முகாம். அங்கே நடந்த எழுச்சி. தையல் கொட்டகையில் வேலை செய்யும் ஹிந்தா என்ற பெண், அதிகாரிகள் பழுது பார்க்க அனுப்பும் கோட்டுகளின் தோள்பட்டைப் பஞ்சுக்குள் தோட்டாக்களை ஒளித்துக் கடத்துகிறாள். பிடிபடுகிறாள். அடி தாங்காமல் ஒரு தோழியின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அதன் பிறகு நாயகன் அவசர அவசரமாக எழுச்சியைத் தொடங்குகிறான். நல்ல உயரமான நாயகன்.

“வியாழக்கிழமை பிரதி வெளியூர் விழாவுக்குப் போயிடும்,” என்றான் யோதாம். “ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க.”

முதல் வரிசையில் ஸ்லாட்டா கை தூக்கினாள். ஓய்வு பெற்ற பல் மருத்துவர்; அந்த முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்களில் எங்கள் ஊரில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். இத்தனை வருடங்களில் அந்தக் கூடத்தில் அவள் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்யாக்கிம் ஏற்கெனவே எழுந்துவிட்டார்.

“ஒரு சின்னக் கேள்வி.”

மின்சாரம் வெட்டப்பட்டது. கோபுரம் பிடிபட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தனக்கு வடக்கு வாசல்தான் பிடித்திருக்கிறது என்றார். இன்னொருவர் இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்கலாமே என்றார். போர்க்கள ஆலோசனை சூடு பிடித்தது. ஸ்லாட்டாவின் கை அப்படியே இருந்தது. வலித்தபோது இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு காவலாளி சாஸோன் வந்தான். ஆள் குள்ளம், சாவிக்கொத்து பெரியது.

“நேரம் ஆயிருச்சு! அடுத்து நடன வகுப்பு. எல்லாம் கெளம்புங்க!”

நம்ப மாட்டீர்கள், ஒரே ஒரு அதட்டல்தான். ஆயுதக் கிடங்கை உடைத்தவர்கள், வடக்கு வாசலைத் தகர்த்தவர்கள், அத்தனை பேரும் ஒரே உடம்பாக எழுந்து பையையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தள்ளுமுள்ளு கிடையாது. அப்படியொரு ஒழுங்கான வரிசையை நான் இந்த நாட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஸ்லாட்டா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துச்சு. நான் எந்திரிக்கப் போறதில்ல.”

சாஸோன் விளக்கை அணைத்தான். திரைச்சீலை போட்ட கூடம் இருட்டாகிவிட்டது. வரிசையிலிருந்து எல்யாக்கிம் அவசரமாகக் கிசுகிசுத்தார்: “ஸ்லாட்டா, வா, வீணா வம்பு எதுக்கு? அவன் மேலிடத்துல சொல்லிடுவான். சட்டம்னா சட்டம்தானே.”

“நீ போ எல்யாக்கிம். கரண்டை அவன் வெட்டிட்டான், உனக்கு ஒரு வேலை மிச்சம்.”

பிறகு இயக்குநரைக் கூப்பிட்டாள். “தம்பி, இப்படி வந்து உக்காரு. ஹிந்தா பேரைச் சொல்லிக் குடுத்ததாக் காட்டியிருக்க. அவ சொல்லல.”

யோதாம் தயங்கினான். “கதைக்கு ஒரு திருப்பம் வேணும்மா. அதுவுமில்லாம, அந்த அறைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அவங்க கேட்டது என் பேரை. மறுநாள் காலையில அவளைத் தூக்குல போட்டாங்க. என்னைத் தேடி ஒருத்தனும் வரல.”

யோதாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. நடன வகுப்பு அன்று வெளியே, வாகனம் நிறுத்துமிடத்தில் நடந்தது.

அந்தக் காட்சி படத்தில் இப்போது இல்லை. ஹிந்தா வாயைத் திறக்காமலே சாகிறாள். நடுவில் கொஞ்சம் தொய்வு விழுந்துவிட்டதாக ஒரு விமர்சகர் எழுதினார். நல்ல மனிதர், நாயகன் உயரத்தைப் பாராட்டியிருந்தார்.

எல்யாக்கிம் என்ன ஆனார் என்கிறீர்களா? தழைத்துவிட்டார். இப்போது எந்தப் படம் முடிந்தாலும், “அன்னைக்கு ஸ்லாட்டாவும் நாங்களும் நகர மாட்டோம்னு உக்காந்தோமே,” என்று தொடங்குகிறார். மூன்றாவது வரிசைக்காரர் தலையாட்டுகிறார். அன்று எழாமல் இருந்ததாகச் சொல்லும் எல்லோரையும் கூட்டிவந்தால் கூடத்தில் நாற்காலி போதாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சாஸோன் அதட்டிய அந்த வரியைப் படித்தபோது, மனதுக்குள் நேராகப் போய் ஸ்லாட்டாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்களே, கவனித்தேன். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அங்கே ஏற்கெனவே எல்யாக்கிம் இருக்கிறார்.