அஞ்சரை சார் சுட்ட தோசை

உலகத்தில் எந்தத் தப்பு நடந்தாலும் அதற்கு ஐந்தரை மணி நேரம்தான் காரணம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் அஞ்சரை சார். சாம்பாரில் உப்பு கூடினால்கூட, "அக்கா, டைம்ஸோன் பார்த்தீங்களா?" என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கேண்டீன் நடத்தும் கம்பெனியில், சாப்ட்வேரில் வரும் நேரக் குளறுபடிகளைப் பிடிப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர் கிரீன்விச் என்ற ஊர் நேரத்தில் கணக்கு வைக்குமாம். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோமாம். அவர் வீட்டம்மா கோபித்துக்கொண்டு கொரட்டூர் அம்மா வீட்டுக்குப் போனபோதும், "அஞ்சரை மணி நேரத்துல சரியாயிடும்" என்றார். ஆனது!

கேஸை மூடினோமா என்ற கவலையில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள் நான். எனக்குப் பார்த்து வந்தது அந்த வினை. விடியற்காலை ஷிப்ட் பிள்ளைகள் கம்பெனி ஆப்பில் போடும் டிபன் ஆர்டரெல்லாம் முந்தின நாள் தேதியில் போய் விழுந்தது. இட்லி பத்தவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா" என்றார் மேனேஜர். நான் அஞ்சரை சாரிடம் ஓடினேன்.

அஞ்சரை சாரோ துள்ளினார். "மாட்டிக்கிச்சுக்கா! காலைல அஞ்சரை வரைக்கும் நமக்கு இன்னிக்கு, கம்ப்யூட்டருக்கு நேத்து!" உடனே ஐந்தரையைக் கூட்டிவிட்டார்.

மறுநாள் காலை டிபன் அமர்க்களம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒரு ஆர்டரும் வரவில்லை. ஆட்கள் மட்டும் வரிசையில்.

"இன்னாக்கா, ஆர்டர் போட்டுகினு நிக்கிறோம், தோசை எங்க கீது?" என்றார் செக்யூரிட்டி.

ஆர்டரெல்லாம் மறுநாள் தேதியில் கிடந்தது. பக்கத்து சீட்டு ஆளும் அதே கோளாறைப் பார்த்து, தன் பங்குக்கு இன்னொரு ஐந்தரையைக் கூட்டியிருக்கிறார்! நம் ஆறரைக்கே கம்ப்யூட்டருக்கு நடுராத்திரி தாண்டிவிட்டதாம்.

"நம்ம கேண்டீன் ஆஸ்திரேலியா பக்கம் போயிருச்சுக்கா!" என்று சந்தோஷமாக ஓடிவந்தார் அஞ்சரை சார். பின்னாலேயே மேனேஜர்.

அஞ்சரை சார் சட்டென்று உள்ளே புகுந்து கரண்டியைப் பிடுங்கினார். "தப்பு எங்களுது சார். அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. பக்கத்து சீட்டுக்காரன் அங்க சரி பண்ற வரைக்கும் நானே சுடறேன்."

ஒரு தோசைகூட வட்டமாக வரவில்லை. மேனேஜர் தன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த நாட்டு மேப்புய்யா?"

வரிசையே சிரித்தது. என் கேண்டீன் பிழைத்தது.

அவர் மட்டும் ஆப்பில் ஆர்டர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு வந்தாலும் அவருக்கு என் கல் சூடாகத்தான் இருக்கும்.