கிட்னி ஒன்று இறங்கியது

எண்ணிப் பார்க்காமல் கடவுளைக்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் ராயபுரம் தெருவில் இருந்த டாலி நைனாதான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போடுகிற 'டாலி' வேலை. ரிட்டயர் ஆகியும் நோட்டை விடவில்லை. கல்யாணத்துக்குப் போனால் நாற்காலிகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் மணமக்களை வாழ்த்துவார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கல் அடைத்து ஒரு கிட்னி கெட்டுப்போனது. துணைக்குப் போனவன் நான். வயிற்றைக் கிழித்துக் கிட்னியை எடுத்தால் செலவு கம்மி, சின்ன ஓட்டைகள் போட்டுக் கேமரா விட்டு எடுத்தால் அதிகம் என்றார் டாக்டர். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார் நாயம் இது? பெரிசா கிழிச்சா கம்மி, சின்னதா ஓட்டை போட்டா ஜாஸ்தியா?"

"கருவியெல்லாம் விலை அதிகம் பெரியவரே. ஆனா வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்."

"அத்த வுடு சார். வெயிட்டு எப்ப தூக்கலாம்?"

"கிழிச்சா ரொம்ப நாளாகும். ஓட்டைன்னா ஒரு மாசம் பொறுத்தா போதும். இந்த வயசுல எதைத் தூக்கப் போறீங்க?"

"எம் பொஞ்சாதியத்தான்."

பக்கவாதத்தில் படுத்த மேரியக்காவைக் காலையில் நாற்காலிக்கும் சாயங்காலம் கட்டிலுக்கும் தூக்குபவர் நைனாதான். வேறு யாரையும் விடமாட்டார். பஸ் டிக்கெட்டை மிச்சம் பிடிக்க டோல்கேட் வரை நடந்தே போகிற மனிதர், "ஓட்டையே போடு சார்" என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்கவில்லை, நோட்டு கேட்டார்.

"மாம்பழம் சைசு கிட்னி இந்த ஓட்டைல எப்படி சார் வந்துச்சி?"

அடிவயிற்றில் கொஞ்சம் நீளமாக இருந்த தையலைக் காட்டினார் டாக்டர். "பையில போட்டு இது வழியா எடுத்தோம்."

"உள்ள வுட்ட சாமானெல்லாம் வெளிய வந்துச்சா? ஒரு சைன் போடு சார்."

'கிட்னி ஒன்று இறங்கியது' என்று நைனா எழுதியதன் கீழே டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு மாதம் மேரியக்காவைத் தூக்கியது நானும் பக்கத்து வீட்டு சேகரும். நைனா நோட்டோடு நின்று எங்கள் உயிரை வாங்கினார்.

"முதுவுக்குக் கைய குடு மாமு! சிமெண்ட் மூட்டையா தூக்குற?"

ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. கடைசி நாள் கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை எங்களிடம் நீட்டினார். 'உருப்படி ஒன்று. டேமேஜ் இல்லை' என்று எழுதியிருந்தது.

மேரியக்காவுக்குக் கோபம். "யோவ், நானு இன்னா மூட்டையா?"

"மூட்டைங்கோ லட்சம் எண்ணிட்டேன் மேரி. வூட்ல எண்றதுக்கு நீ ஒருத்திதான் கீற."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.