குறடண்ணையின் கிற்றார்

ஒரு கிற்றாரிடம் குறடண்ணை காட்டும் பொறுமையை வன்னியில் எந்த மனிதனும் எதனிடமும் காட்டியதில்லை. அதில் கால்வாசியை எங்கள் இசைக்குழுவிடம் காட்டியிருந்தால் நாங்கள் இவ்வளவு களைத்துப்போயிருக்க மாட்டோம்.

அவருடைய கிற்றாரில் கம்பி முறுக்கும் திருகாணிகளில் இரண்டுக்குத் தலையே இல்லை. அதனால் சேட்டுப் பொக்கற்றில் எப்போதும் ஒரு குறடு. பெயரும் அப்படித்தான் வந்தது. பாட்டின் நடுவில் சுருதி இறங்கினால், "ஒரு நிமிசம் பொறுங்கோ" என்று சபைக்குச் சொல்லிவிட்டுக் குறடால் திருகுவார். மெல்லிய கம்பி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழையை உருவிப் பூட்டினார். சனம் அதற்கும் கைதட்டியது.

சத்தம் குறைக்கிற குமிழும் இறுகிப்போய், எந்நேரமும் முழுச் சத்தம்தான். அதற்கும் வழி கண்டார். ஸ்பீக்கருக்கு மேல் சாக்குப் போடுவார். காதல் பாட்டுக்கு ஒரு சாக்கு, சோகப் பாட்டுக்கு இரண்டு. ஒரு கலியாண வீட்டில் சமையல்காரர் அகப்பையோடு மேடைக்கே வந்துவிட்டார்.

"என்ர அரிசிச் சாக்கை ஆர் எடுத்தது?"

"கொஞ்சம் பொறுங்கோ, சோகம் முடியட்டும்" என்றார் குறடண்ணை.

இதையெல்லாம் சகிக்கலாம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், "கிற்றாரின்ர கழுத்து வளைஞ்சு போச்சு. கம்பியை இறுக்கினா முறிஞ்சிடும். இனி எல்லாப் பாட்டையும் சுருதியில ஒரு கட்டை இறக்குங்கோ" என்றார். கீபோட் வாசிக்கும் சுதன் வாய்க்கு வந்தபடி திட்டினான். பாடகனான நானும் சேர்ந்து முணுமுணுத்தேன். உள்ளுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். என் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி. உச்சத்தில் கத்தினால் குரல் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். குழுவுக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வயல்வேலையில் நான் யாரோ ஒருவன். மைக் பிடித்தால்தான் நாலு பேர் என்னை மதிக்கிறார்கள். அதனால் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

போன மாதம் உடையார்கட்டில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. கனடாவிலிருந்து வந்திருந்த பிள்ளையின் மாமா, சபைக்கு முன்னால் குறடண்ணைக்குப் புத்தம்புதுக் கிற்றார் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

சுதன் துள்ளினான். "இனிப் பழைய கட்டையிலேயே பாடலாம்!"

நான் பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். முதற்பாட்டே உச்சத்துக்குப் போகிற பாட்டு.

குறடண்ணை புதுக் கிற்றாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தார். அது கோடு போடும் அடிமட்டம் மாதிரி நேராக இருந்தது.

"இதுவும் வளைவு" என்றார்.

மாமாவின் முகம் கறுத்தது. "என்ன அண்ணை, இப்பதானே பெட்டியை உடைச்சனாங்கள்!"

"கனடாக் குளிருக்கு வளைஞ்சிருக்கும். சுதன், ஒரு கட்டை இறக்கு."

"மனுசனுக்கு முழு விசர்" என்றான் சுதன். பந்தலே சிரித்தது. குறடண்ணை என் பக்கம் வந்து, மைக்கை வாய்க்கு நேரே சரிசெய்து, மெல்லச் சொன்னார்:

"நீ ஆறுதலாப் பாடு, தம்பி. தொண்டை பத்திரம்."

என் தொண்டை விசயத்தை எப்படிக் கண்டுபிடித்தாரோ, இரண்டு வருடமாக ஊரின் நக்கலையெல்லாம் வாங்கிக்கொண்டு என்னைப் பாடவைத்திருக்கிறார். அன்று அழாமல் பாடி முடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மனுசனில் எனக்குச் சரியான உயிர்.